ஒப்புக்கொண்டவனுக்கும் வழக்கறிஞர் எதற்கு?

பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடை ஒன்றில் நண்பர் ஒருவர் என்னிடம் வினவினார்: "குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டான். அவனுக்கும் ஒரு வக்கீலா சார்? எல்லாம் பணத்துக்குத்தானே?"

பணமும் ஒரு காரணம்தான்; புகழாசையும் சிலருக்கு உண்டு. ஆயினும், குற்றவாளியா அன்றா என்று தீர்மானிப்பது வழக்கறிஞரின் வேலையன்று. அது நீதிபதியின் வேலை. கட்சிக்காரர் தம்மிடம் இரகசியமாகக் கூறியதை, 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, அவர் அனுமதியின்றி வெளியிடலாகாது. பொய்ச்சாட்சி நிறுத்தவும் கூடாது. அரசுத் தரப்பு தன் குற்றச்சாட்டை மெய்ப்பித்துவிட்டதா என்று சோதிப்பதே அவர் கடமை.

அச்சோதனையின் அருமையை ராஜீவ் காந்தி கொலை வழக்கில் காணலாம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நடந்த அக்கொடுமைக்காக, 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. பெரும் சான்றாக நின்றவை 17 பேரின் வாக்குமூலங்கள். காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் இந்தியப் பொதுச் சட்டப்படி செல்லாது. தடாச் சட்டமோ, கண்காணிப்பாளர் பதிவு செய்தால் செல்லும் என்றது.

மக்கள் சினம் மிகுந்திருந்த காலம் அது. எதிரிகளுக்காக வாதாட மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் முன்வந்தார். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடாச் சட்டக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. எனினும் அவ்வாக்குமூலங்கள் செல்லும் என்றது (இந்த முடிச்சு எனக்கு இன்றும் அவிழவில்லை). 19 பேர் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டனர். நால்வருக்கு மரண தண்டனை உறுதியாயிற்று.

அந்நால்வரில் ஒருவர் பேரறிவாளன். கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாக வாக்குமூலம் கூறிற்று. அதைப் பதிவு செய்த அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வு பெற்றபின் 2013இல் ஒன்றை வெளியிட்டார்: பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவ்விளைஞர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டாராம். ஒரே வாக்கியம்! மரண தண்டனை 2014இல் ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறக்குறைய 31 ஆண்டுகள்.

நம் நாட்டில் 2007 முதல், புலனாய்வில் காவல்துறையிடம் எதிரி அளிக்கும் வாக்குமூலத்தைப் பொதுவான குற்ற வழக்குகளில் அரசுத் தரப்பு அவருக்கு எதிராகப் பயன்படுத்த இயலாது. விதிவிலக்குகள் உண்டு, அவர் தந்த தகவலால் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அத்தகவல் மட்டும் சான்றாகலாம்.

இதையெல்லாம் நண்பரிடம் கூறியபின், என் கதை ஒன்றையும் கூறினேன். பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் சேர்த்த உண்டியல் பணம் காணாமற்போயிற்று. பிரம்பை மேசைமேல் வைத்து விசாரித்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், "நான்தான் சார் எடுத்தேன்" என்றான். எங்கே ஒளித்தாய் என்றால் மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அலமாரிக்குப் பின்னால் பணம் முழுவதும் இருந்தது. பால்மரக் காட்டிலிருந்து அவன் தாயை வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். "ஏன்டா பொய் சொன்னாய்?" என்று அவள் மகனைக் கேட்டாள். அவன் என் மேசையைத்தான் பார்த்தான்.