காலம் தப்பி விழும் பல்

முன்பல் இல்லாத வாய் மனித வாழ்வில் மூன்று பருவங்களில் காணக்கூடியது. அவற்றுள் இரண்டைத் தமிழ்ச் சமூகம் இயல்பாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆறேழு வயதில் விழும் பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. முதுமையின் பொக்கைவாயோ, காந்தியடிகளின் சிரிப்பில் கண்டதுபோல, கனிவின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வயதில், விபத்தாலோ சொத்தையாலோ ஈறு நோயாலோ முன்பல்லை இழப்பவருக்கு மட்டும் அத்தகைய சடங்கும் இல்லை, போற்றுதலும் இல்லை. அவருடைய துயரத்தில் பெரும்பங்கு, பல் காலம் தப்பிப் போனதிலிருந்து வருவதாகும்.

வளர்ந்தவரின் 32 பற்களில் எட்டு, உணவைக் கடித்து நறுக்கும் வெட்டுப்பற்கள். மென்று அரைக்கும் வேலை கடைவாய்ப் பற்களுடையது என்பதால், ஒரு வெட்டுப்பல் போவதால் உணவு உண்பதற்கு நேரும் இடையூறு பெரிதன்று. ஆனால் மேல் வெட்டுப்பற்கள் மேலுதட்டை உள்ளிருந்து தாங்குகின்றன. சிரிப்பிலும் பேச்சிலும் முதலில் தெரிகின்றன. சில எழுத்தொலிகளுக்குப் பிறப்பிடமாகவும் அமைகின்றன. எனவே, “ஒரு பல்தானே, கட்டிக்கொண்டால் போயிற்று” என்று சுற்றத்தார் தேற்றும்போது, இழந்தவர் அதைத் தம் முகத்தின் இழப்பாக உணர்ந்துகொண்டிருக்கிறார். ஆறுதல் சொல் அவரைச் சென்று சேராமைக்கு இதுவே காரணம்.

இந்த உணர்வு மிகையானதன்று என்பதை ஆய்வும் காட்டியுள்ளது. ஜேனிஸ் ஃபிஸ்க் முதலியோர் பிரிட்டனில் பற்கள் அனைத்தையும் இழந்த 50 பேரிடம் விரிவாக உரையாடி, 1998-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையில், உற்றாரை இழந்தாற்போன்ற துக்கம், தன்னம்பிக்கைக் குறைவு, உரிய காலத்துக்கு முன்பே முதுமை வந்துவிட்டது என்ற எண்ணம், பல் இழப்பை எவரிடமும் பேச இயலாத கூச்சம் ஆகியவற்றைப் பதிவு செய்தனர். நடக்கவிருப்பதை யாரும் முன்கூட்டி விளக்கி மனத்தை ஆயத்தப்படுத்தவில்லை என்பதும் அவர்கள் கண்ட குறைகளுள் ஒன்று. ஆய்வு முழுப் பல்லிழப்பைப் பற்றியதே எனினும், ஒற்றை முன்பல்லை இழந்தவரும் இவற்றுள் பலவற்றைத் தம்மிடம் காணக்கூடும்.

ஆயத்தம் என்பது கழற்றி மாட்டும் பல்செட் எத்தகையது என்று அறிவதில் தொடங்குகிறது. இயற்கைப் பற்கள் சில எஞ்சியிருக்கும்போது, இல்லாத பல்லுக்கு மட்டும் அக்ரிலிக் என்னும் பிசின் தகட்டிலோ, கோபால்ட்–குரோமியம் உலோகச் சட்டத்திலோ செயற்கைப் பல்லைப் பதித்து, பக்கத்துப் பற்களைப் பற்றும் கம்பிக் கிளிப்புகளால் நிறுத்தப்படுவது பகுதிப் பல்செட் எனப்படும். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே அச்செடுத்து இதைச் செய்து வைத்து, பிடுங்கிய அன்றே மாட்டிவிடவும் முடியும். பல் போன இடத்தில் தாடை எலும்பு, குறிப்பாக முதல் ஓராண்டில், வெகுவாகச் சுருங்குவதால், முதலில் மாட்டிய தகடு சில மாதங்களில் தளர்வது இயல்பே. அதைச் சீர்செய்துகொள்ளலாம்; எலும்பும் ஈறும் இடந்தந்தால், பின்னர் நிலையாகப் பொருத்தும் பாலத்துக்கோ, டைட்டானிய வேர் பதிக்கும் இம்பிளான்ட்டுக்கோ மாறலாம். பல்லின் நிறத்தையும் வடிவையும் தேர்ந்தெடுக்கையில் பழைய புகைப்படமொன்றைக் கொண்டுசெல்வதும், மெழுகில் பல்லைப் பதித்துப் பார்க்கும் கட்டத்தில் கண்ணாடியில் பார்த்துக் கருத்துச் சொல்வதும், தம் முகத்தைப் பற்றிய முடிவில் தமக்கும் பங்குண்டு என்ற உணர்வை அவருக்குத் தரும்.

“பல் போனால் சொல் போச்சு” என்ற பழமொழிக்கு இலக்கண ஆதாரமே உண்டு. நாநுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகர நகரங்களும், பல்லும் இதழும் இயைய வகரமும் பிறப்பதாகத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. ‘வணக்கம்’ என்று தொடங்கி ‘நன்றி’ என்று முடிக்கும் எளிய உரையாடல்கூட முன்பல்லை நாடுவதால், புதிய தகடு நாவின் பழக்கமான இடத்தை மறைக்கும்போது பேச்சு குழறுவதில் வியப்பில்லை. உமிழ்நீர் மிகுவதும், வாயில் ஏதோ அடைத்தாற்போல் இருப்பதும் முதல் நாள்களின் இயல்புகள். நாள்தோறும் சிறிது நேரம் செய்தித்தாளை உரக்கப் படித்துவந்தால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் நா புதிய இடத்தைக் கற்றுக்கொள்கிறது. முறுக்கையும் கரும்பையும் முன்பல்லால் கடிக்காமல், உணவைச் சிறிதாக்கி இருபுறமும் மெல்லுவது நலம். ஈறு புண்ணானால் தகட்டைத் தாமே தேய்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றினும் கடினமானது மறைத்து வாழும் பழக்கம். சிரிக்கும்போது எழும் கை, புகைப்படத்தில் இறுகும் உதடு, விருந்தைத் தவிர்க்கச் சொல்லும் சாக்கு ஆகிய யாவும், எல்லாரும் தம் வாயையே பார்க்கின்றனர் என்ற எண்ணத்திலிருந்து பிறப்பவை. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடனாய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படமுள்ள சட்டையை அணிந்து அறைக்குள் நுழைந்த மாணவர்கள், இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பர் என மதிப்பிட்டனர். கவனித்தவரோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. பல்லை மறைக்க எழும் கைதான் பலவேளைகளில் பிறர் கண்ணை வாய்க்கு அழைக்கிறது. ஆயினும் ஊரறியச் சொல்லவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. வாரக்கணக்கில் ஆள்களைத் தவிர்ப்பதும், உறக்கமும் பசியும் குன்றுவதும் தொடருமானால், உளநல ஆலோசனை பெறத் தயங்கலாகாது. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஈறு ஓய்வு பெறுவதற்காக, பொதுவாகப் பல்செட்டை இரவில் கழற்றித் துலக்கி, வெந்நீரைத் தவிர்த்துச் சாதாரண நீரில் இட்டுவைக்க வேண்டும். கணவனோ மனைவியோ காணாதபடி இதைச் செய்ய முயல்வோர் பலர். விளக்கணைத்த பின்பே கழற்றுவோரும், கழற்றாமலே உறங்கி ஈற்றில் பூஞ்சைத் தொற்றை வரவழைத்துக்கொள்வோரும் உளர். வீட்டில் ஒருவரேனும் அறியும்படி அந்தக் கிண்ணம் அலமாரியில் வெளிப்படையாக இடம்பெறுமானால், பால்பல் விழுந்தபோது வீடே கூடிநின்று பார்த்த கூரைமேல் எறிதலுக்கு ஈடான ஒன்று, காலம் தப்பி விழுந்த பல்லுக்கும் கிடைத்துவிடுகிறது.