மரத்தரை: தேய்ப்பதற்கு முன்னால்

விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தரையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழமலைநாதர் கோயிலையும் ரயில்வே ஜங்ஷனையும் விட்டால் ஊருக்குப் பெயர் செராமிக்கால்தான். அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று ஏதாவது ஒன்று தொழிற்பேட்டைச் சூளையில் வெந்துகொண்டிருக்கும். அதையே பாடமாகச் சொல்லித்தர அரசுக் கல்வி நிறுவனமும் உண்டு. வீட்டுக்குள் பார்த்தால் சிவப்பு ஆக்சைடு, மொசைக், இப்போது விட்ரிஃபைடு டைல்ஸ். இந்த ஊரில் மரத்தரைக்கு என்ன வேலை?

இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பழைய ஓட்டு வீடுகளின் மச்சு: உத்திரத்தின் மேல் பலகை பரப்பி, நெல்லும் புளியும் அண்டாவும் அடுக்கி வைத்த இடம். இன்னொன்று, புது வீட்டில் மாடியறைக்கு மட்டும் ஆசைப்பட்டுப் போட்ட மரம். இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: “மங்கிப்போச்சு, மிஷின் விட்டுத் தேய்ச்சுப் பாலிஷ் போட்டுடலாமா?”

பெரும்பாலும் தேவையில்லை என்பதே பதில். மரத்தைத் தேய்த்து எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப வராது. அதனால் தேய்ப்பது கடைசி வைத்தியமாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் தரை எந்த ஜாதி என்று தெரிய வேண்டும். கதவு நிலைக்கு அடியில் பலகையின் வெட்டு முனை எங்காவது தெரியும், அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக ரேகை ஓடினால் அது முழுப் பலகை. மேலே மெல்லிய நல்ல மரமும் அடியில் பிளைவுட் அடுக்குகளும் தெரிந்தால் என்ஜினியர்டு வுட். மரத்தூள் அட்டை மாதிரி இருந்து, மேல் டிசைன் நாலைந்து பலகைக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வந்தால் லேமினேட். தட்டினால் ணங்கென்று கேட்டுக் காலுக்குச் சில்லென்று இருந்தால் மர டிசைன் போட்ட டைல்ஸ். அதற்கு இந்தக் கட்டுரையே வேண்டாம், துடைத்தால் போதும்.

லேமினேட்டை ஒருபோதும் தேய்க்க முடியாது, மேலே இருப்பது அச்சடித்த தாள். என்ஜினியர்டு பலகையில் நல்ல மரம் பொதுவாக 2 முதல் 4 மி.மீ. வரைதான். ஒரு முழுத் தேய்ப்பில் அரை மி.மீ.யிலிருந்து ஒரு மி.மீ. வரை போய்விடும் என்பதால், ஆயுளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு. முழுப் பலகையிலும் கணக்கு உண்டு. 18–20 மி.மீ. கனத்தில், பக்கத்துப் பலகையோடு கோத்துக்கொள்ளும் நாக்குக்கு மேலே இருப்பது சுமார் 6 மி.மீ.தான். பழைய மச்சுத் தேக்குப் பலகைதான் இதில் பணக்காரர். ஆனால் ஆணியோடு வந்த பணக்காரர், அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் நாலு சொட்டு விடுங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மரம் கறுத்து உறிஞ்சிக்கொண்டால் பூச்சு போய்விட்டது. ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கையோடு வந்தால் அது அரக்குப் பாலிஷ். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அதைவிட அழகு கிடையாது. தரைக்கு ஆகாது, தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை பூக்கும்.

பூச்சு இருக்கிறது, மேலே கீறலும் மங்கலும் மட்டும்தான் என்றால் செய்ய வேண்டியது சின்ன வேலை. நன்றாகத் துடைத்து, முன்பு மெழுகு போட்டிருந்தால் டர்பென்டைனால் அதை எடுத்துவிட்டு, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் போகும்படி லேசாக ஓட்டி, தூசியை உறிஞ்சி, அதே வகைப் பூச்சில் ஒரு கோட்டிங். மரத்தைத் தொடவே இல்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை இதைச் செய்துவந்தால் முழுத் தேய்ப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

முழுத் தேய்ப்புதான் என்று ஆகிவிட்டால் முதல் எச்சரிக்கை: மொசைக் பாலிஷ்காரரைக் கூப்பிடாதீர்கள். அவர் மிஷின் தண்ணீர் விட்டு ஓடுவது. மரத்தின் மேல் அதை விட்டால் பலகை ஊதி, ஓரங்கள் தூக்கி, கிண்ணமாக வளைந்துவிடும். ஆசாரி ஹேண்ட் கிரைண்டரில் டிஸ்க் மாட்டி ஓட்டுகிறேன் என்பார், அதற்கும் சரி சொல்ல வேண்டாம். கதவில் தெரியாத பள்ளம், மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது தரையில் அலை அலையாகத் தெரியும். தரைக்கென்று இருக்கும் சாண்டரை வாடகைக்கு எடுக்கலாம். சின்ன அறைக்குக் கையடக்க ஆர்பிட்டல் சாண்டரும் பொறுமையும் போதும். மச்சுப் பலகையில் ஆணித்தலைகளை முதலில் பஞ்ச் வைத்து உள்ளே இறக்கிவிட வேண்டும். தவறினால் தாள் கிழிவது மட்டுமல்ல, மரத்தூள் பையில் தீப்பொறி விழும்.

60 நம்பரில் தொடங்கி 80, பிறகு 120. படிகளைத் தாண்டக் கூடாது, 60 போட்ட கோட்டை 120 அழிக்காது. எப்போதும் ரேகையோடு ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் பாலிஷ் ஏறியதும் அந்தக் கீறல் கறுப்பாகத் தெரியும். முகமூடி கட்டாயம், தேக்குத் தூளில் சிலருக்குத் தோல் தடிக்கும்.

செராமிக் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் பழுப்புத் துகளும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடம்பும் அடிப்படையில் ஒரே பொருள், அலுமினா. லேமினேட்டின் மேல் தேய்மானம் தாங்கப் போடுவதும் அதுவே. கறுப்புத் தாளில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இந்த வகைச் சாமான்களிலேயே வளர்ந்த கம்பெனி. மரத்தைத் தேய்ப்பதும் காப்பதும் பீங்கானின் சொந்தக்காரர்கள்தான்.

பூச்சில் என் கட்சி இது: வசிக்கும் அறைக்கு பி.யு. (பாலியூரித்தேன்), மச்சுக்கு எண்ணெய். பி.யு. கெட்டியான படலம். இரண்டு மூன்று மெல்லிய கோட்டிங், நடுவில் 220 நம்பர் தாள். தண்ணீரில் கரையும் வகை சில மணி நேரத்தில் அடுத்த கோட்டிங்குக்குத் தயார். தின்னர் வகைக்கு ஒரு ராத்திரி வேண்டும். ஹார்டனர் கலக்கும் இரட்டை டப்பா வகையின் ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல, அதைப் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள். எந்த வகையானாலும் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், முழுக்க இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை பாய், கம்பளம் விரிக்காதீர்கள், பீரோவை இழுக்காதீர்கள். எண்ணெய் என்றால் ஹார்டுவேர் கடையில் கேட்கும் டபுள் பாயில்டு லின்சீட். டர்பென்டைன் கலந்து மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் மாதக்கணக்கில் ஒட்டும். பி.யு. அளவுக்குத் தாங்காது. ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

முந்திரிக் காட்டுப் பக்கம் இருப்பவர்கள் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமா என்று கேட்பார்கள். கரையானை அண்ட விடாமல் மரத்துக்கும் படகுக்கும் காலங்காலமாகப் பூசுவது அது. உத்திரத்தின் மேல்முகத்துக்கும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் நல்லதுதான். நடக்கும் பக்கத்துக்கு வேண்டாம்: மரத்தைக் கறுப்பாக்கும், லேசில் காயாது, பச்சையாக இருந்தால் தோலைப் பொத்துவிடும். கரையான் என்றால் மண் கோடு தெரியும். பலகையில் குண்டூசித் துளையும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுக்கும் வண்டு. பூச்சு எடுத்து மரம் வெறுமையாக இருக்கும்போதே அதற்கான போரான் மருந்தை, அதாவது வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை, ஊறக் கொடுத்து நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மேல் வேலை. பூச்சு ஏறிவிட்டால் மருந்து உள்ளே இறங்காது.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது? ஐப்பசி, கார்த்திகையில் தொடவே கூடாது, மரம் ஈரம் குடித்திருக்கும். ஆடிக்காற்றில் தெருப்புழுதி முழுக்க ஈரப் பூச்சில் ஒட்டும். தை, மாசிதான் தோது. சித்திரை வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு தெரியும்போது பட்டி வைத்து அடைக்க மனம் துடிக்கும். அடைக்காதீர்கள், மழைக்காலத்தில் மரம் திரும்ப ஊதும்போது அந்தப் பட்டி உடைந்து வெளியே வரும். டொரன்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சுருக்கம் பனிக்காலத்தில், ஹீட்டர் ஓடும் மாதங்களில் நடக்கும்.

தினசரிப் பராமரிப்பில் ஒரே எதிரி மணல். தெருமணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோ அளவுகோலில் 7. எந்தப் பாலிஷும் அதற்குப் பக்கத்தில் வராது. காலடியில் வரும் ஒவ்வொரு மணலும் இலவச உப்புத்தாள். கல்லரைத்த கோலப்பொடியும் அப்படியே. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போகிறவர்கள் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே மாடிகளில் மரத்தரை, இதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது. வாசலில் மிதியடி, மெல்லிய துடைப்பத்தால் கூட்டுவது, பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடைப்பது, நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட் ஒட்டுவது. பொங்கலுக்கு வீடு கழுவும்போது பக்கெட் தண்ணீர் அந்த அறையில் இறங்க வேண்டாம். பினாயிலும் ஸ்டீம் மாப்பும் வேண்டாம். மண் அகலில் எண்ணெய் அடியில் கசியும் என்பதால் கார்த்திகைக்கு விளக்கு வைப்பவர்கள் கீழே ஒரு பீங்கான் தட்டு வைக்கலாம்.

லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்து தானே தீப்பிடிக்கும். விரித்து வெளிக்கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் அமுக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.