கட்டிலின் இலக்கமும் மனிதனின் பெயரும்

களுவாஞ்சிக்குடியில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த தாதி ஒருவர் பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். வெளி மாவட்டமொன்றின் வைத்தியசாலையில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கடமை புரிபவர். ஊரில் எந்த வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அழைக்காமலே போய் நிற்கும் சுபாவம் அவருக்கு. அன்று மாலை எங்கள் திண்ணையில் இருந்தபடி அவர் கூறிய செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது.

"அண்ணன், போன கிழமை எங்கள் விடுதியில் ஒரு முதியவர் இறந்துபோனார். மகள் தரையில் விழுந்து அழுகிறாள். நானோ, ஆறரை மணி பஸ் போய்விடுமோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் அவருடைய பெயரே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. பதினேழாம் கட்டில், அவ்வளவுதான். எனக்கு என்ன நேர்ந்துவிட்டது?"

கல் நெஞ்சு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கல் நெஞ்சக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாதே!

இந்நிலைக்குப் பெயர் கிடைத்தது 1974ஆம் ஆண்டில். நியூயோர்க் நகரின் இலவச மருத்துவ நிலையமொன்றில் உழைத்த ஹேர்பேர்ட் ஃபிரொய்டன்பேர்கர் என்னும் உளவியலாளர், தம்மிடமும் தம் தோழர்களிடமும் கண்ட சோர்வை 'எரிந்து தீர்தல்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டினா மஸ்லாக் என்ற அம்மையார் 1981இல் இதனை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார். உள்ளம் வற்றிப்போதல், எதிரே இருப்பவரை மனிதராகக் காணாமை, தன் உழைப்பால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அது அளந்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதனை நோயென்று கூறாமல், வேலைத்தலத்தில் தணிக்கப்படாத நெருக்கடியின் விளைவென்று வரையறுத்தது. அப்படியாயின் மருந்தையும் முதலில் வேலைத்தலத்தில் அல்லவா தேட வேண்டும்?

இதற்கெல்லாம் முன்னரே, லண்டன் மாநகரின் பெரிய வைத்தியசாலையொன்றை ஆராய்ந்தவர் இசபெல் மென்சீஸ். 1960இல் வெளிவந்த அவருடைய ஆய்வைப் படிக்கும்போது நம்மூர் விடுதியொன்றில் நிற்பது போலவே தோன்றுகிறது. நோயாளரைப் பெயர் சொல்லி அழைக்காமல் கட்டில் இலக்கத்தாலும் கெட்டுப்போன உறுப்பாலும் குறிப்பிட்டார்கள். ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிக்க வழியில்லை. எல்லோருக்கும் ஒரே வேலையைச் சிறிது சிறிதாகச் செய்துகொண்டு போக வேண்டும். பழகிய முகங்களை விட்டு அடிக்கடி வேறு விடுதிக்கு மாற்றுவார்கள். நன்றாகத் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி நித்திரை மருந்து கொடுத்த வேடிக்கையும் அங்கே நடந்தது! மரணத்தையும் வேதனையையும் அருகிருந்து காண்பவர்களின் மனம் நோகாதிருக்க வைத்தியசாலையே எழுப்பிக்கொண்ட வேலி அது என்பது மென்சீஸின் கருத்து. வேலியோ காக்கவில்லை. பயிற்சிக்கு வந்த தாதியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இடையிலேயே விலகிப் போனார்கள்.

சிறிது விலகி நிற்பது தொழிலுக்கு அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. கத்தி பிடித்த கை நடுங்கலாகாது. ஆனால் வேண்டும்போது ஏந்தும் கேடயம் வேறு, உடலோடு ஒட்டிக்கொண்ட கேடயம் வேறு.

நம் கரையின் மருத்துவ ஊழியர்களுக்கு அது ஒட்டிக்கொண்டதில் வியப்பென்ன? முப்பதாண்டு யுத்தம் 2009 வரை நீடித்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது, சொந்த உறவுகளைத் தேடப் போகவேண்டியவர்களே பிறருடைய காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். பின்பு கொவிட் தொற்று. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு. அவ்வாண்டே அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லவும் வழி திறந்தது. போனவர்களைக் குறை கூறேன். எஞ்சியவர்களின் தோளில் சுமை கூடியது என்பதையும் மறைக்க முடியாது.

நம் தாதியும் தொடர்ந்த இராக்கடமையைச் சில காலத்துக்கு மாற்றித் தருமாறு மேலிடத்தில் கேட்டிருந்தார். "இயலாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்" என்பதே கிடைத்த பதில். வாய் திறப்பதையே அதன் பின்னர் அவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பதில்தான், இராக்கடமையைவிட, அவரை அதிகம் எரித்தது என்று எனக்குப் படுகிறது.

1950களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற வைத்தியர், குடும்ப வைத்தியர்களைக் கிழமைக்கொரு முறை ஒன்றுகூட்டி, தம்மை வருத்திய நோயாளரைப் பற்றி மனம் விட்டுப் பேசச் செய்தார். பல நாடுகளில் இன்றும் அந்த வழக்கம் உண்டு. செலவு என்று பார்த்தால் ஓர் அறையும் சில நாற்காலிகளுமே. இதைக் கேட்ட நம் தாதி, "முதலில் சாப்பிட அரை மணி நேரம் தரட்டும், அண்ணன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. ஆயினும், தம் விடுதியில் இன்னும் இருவருக்கு இதே எண்ணம் உண்டென்றும், மூவருமாகச் சேர்ந்து எழுத்தில் கேட்கப் போவதாகவும் சொன்னார்.

மறுநாள் குடும்பமாக மண்டூர்க் கோயிலுக்குப் புறப்பட்டோம். குருமண்வெளித் துறையில், நாம் 'பாதை' என்று வழங்கும் ஓடத்தில் ஏறினோம். படுவான்கரைக்குத் திரும்பும் இளந்தாய் ஒருத்தி மடியில் குழந்தையுடன் எதிரே இருந்தாள். குழந்தை சிணுங்கியது. நம் தாதி பேச்சை நிறுத்தி, எட்டி அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன பேர், தங்கச்சி?" என்று கேட்டார்.