கரும்பலகைக்கு முன்னால் – 17: மறுபடியும் ஆறு நிமிடம்

ஆறு நிமிடத்தில் பதினோரு முறை “புரிஞ்சுதா?” என்று கேட்டிருக்கிறேன். எண்ணியது நான் அல்ல. எட்டாம் வகுப்பு மாணவியாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் தோழி. அவளுக்கும் எனக்கும் அப்போது வயது இருபத்திரண்டு.

நிஜப் பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் முதன்முதலாக நின்றபோது கை வியர்த்து சாக்பீஸ் நழுவிய கதையைப் போன வாரம் சொன்னேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிள்ளைகளே இல்லாத வகுப்பில் பாடம் நடத்திய கதை இது. பி.எட். முடித்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மைக்ரோ டீச்சிங். புத்தகத்தில் ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ என்று இருக்கும். விடுதியில் அது வெறும் மைக்ரோ. “இன்னைக்கு மைக்ரோ யாருக்குடி?” என்ற கேள்வியோடுதான் அந்த நாட்கள் விடிந்தன.

பாடத்தைத் தொடங்குவது, கேள்வி கேட்பது, விளக்குவது, உதாரணம் சொல்வது, கரும்பலகையில் எழுதுவது, சரியாகச் சொன்ன பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது, தூங்கி வழிகிறவனை எழுப்புவது என்று ஒரு பீரியடுக்குள் பத்துப் பதினைந்து வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. புதிதாக வருகிறவர் தலையில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கி வைத்தால் ஒன்றும் நிற்காது. ஒன்றை மட்டும் உருவி எடுத்து, அதையே பழக வைப்பதுதான் மைக்ரோ. பாடம் சின்னது, நேரம் சின்னது, கேட்கும் கூட்டமும் ஐந்து முதல் பத்துப் பேர்தான்.

எங்கள் ஊர் கீரமங்கலம், பூ ஊர். அம்மா எனக்குப் பூக்கட்டச் சொல்லிக்கொடுத்தபோது முதல் நாள் பூவையே கையில் தரவில்லை. நாரை விரலில் சுற்றி முடிச்சுப் போடு என்றாள். மறுநாள் விற்காமல் வதங்கிய கனகாம்பரம் கொஞ்சம் கிடைத்தது. கட்டியதை இழுத்துப் பார்ப்பாள். பூ உருவிக்கொண்டு வந்தால் திட்ட மாட்டாள்; நாரை மறுபடி என் கையில் கொடுப்பாள்.

மைக்ரோவிலும் நாரை மறுபடி கையில் கொடுக்கும் இடம் உண்டு. நம் நாட்டில் பழக்கத்துக்கு வந்த கணக்கு இது: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறு திட்டமிடல் 12, மறு கற்பித்தல் 6, மறு பின்னூட்டம் 6. ஆக மொத்தம் 36 நிமிடம். இதில் அதிக நேரம் எதற்கு என்று பாருங்கள். பாடம் நடத்தவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. சொன்ன குறையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து யோசிப்பதற்குத்தான்.

எனக்கு விழுந்த திறன் கிளர்வினா. பிள்ளை சொல்லும் பதிலை அங்கேயே விட்டுவிடாமல், கேள்வியால் கிளறி அடுத்த படிக்கு ஏற்றுவது. பாடம் ஒளிச்சேர்க்கை. தோழிகள் எட்டுப் பேர் எட்டாம் வகுப்பாக மாறி உட்கார்ந்தார்கள். பின்னால் ஒருத்தி மதிப்பீட்டுத் தாளோடு. சுவரோரம் விரிவுரையாளர் மேடம்.

“ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன வேணும்?”

“சூரிய ஒளி, டீச்சர்.”

“வெரி குட். புரிஞ்சுதா? வேறென்ன? நீ சொல்லு.”

“தெரியாது, டீச்சர்.”

“உட்காரு. நீ?”

இப்படியே ஆறு நிமிடம். மணி அடித்தபோது, எல்லாம் கேட்டுவிட்டேன் என்ற திருப்தியோடுதான் நின்றேன். தோழி பதினொன்றைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:

“அந்தப் பிள்ளை தெரியாதுன்னு சொன்னப்ப நீ என்னம்மா செஞ்ச?”

உட்காரச் சொன்னேன். அடுத்த பிள்ளையிடம் போனேன். தெரிந்தவளைத் தேடித் தேடிப் போயிருக்கிறேன். தெரியாதவளுக்காக அல்லவா நான் அங்கே நிற்கிறேன்? அது எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்தால் மூளை ஓடவில்லை. மூடிவைத்த பிறகுதான் அப்பாவின் தோட்டம் ஞாபகம் வந்தது. மறுபடி வகுப்பு, இந்த முறை வேறு எட்டுப் பேர். அவர்களிலும் ஒருத்தி எழுந்து, வேண்டுமென்றே, “தெரியாது, டீச்சர்” என்றாள்.

“பரவாயில்ல. தென்னைக்கு அடியில நிக்கிற மல்லி நெறைய பூக்குமா, வெட்டவெளியில நிக்கிறதா?”

“வெட்டவெளியில நிக்கிறதுதான்.”

“ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே எருதானே பாய்ச்சுறோம், போடுறோம். நெழல்ல நிக்கிறதுக்கு எது கொறைஞ்சுச்சு?”

“வெயிலு.” சொல்லிவிட்டு அவளே தொடர்ந்தாள்: “அப்ப வெயில வச்சு செடி என்ன பண்ணுது?”

கேள்வி என்னிடமே திரும்பி வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளையாக நடித்துக்கொண்டிருந்ததை அவள் மறந்திருந்தாள். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக நடத்திய முதல் பாடம் அதுதான். நடந்தது ஆறே நிமிடம். அதுவும் இரண்டாவது ஆறு நிமிடம்.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், 1963. டுவைட் ஆலன் என்ற பேராசிரியரும் சகாக்களும் எதிர்கொண்ட சிக்கல் நமக்குத் தெரிந்ததுதான்: பட்டம் பெற்றவர்களுக்குப் பாடம் தெரியும், வகுப்பு தெரியாது. நிஜப் பள்ளியில் இறக்கிவிட்டால் பயிற்சி மாணவரும் தடுமாறுகிறார், பிள்ளைகளின் படிப்பும் கெடுகிறது. தவறு செய்தாலும் யாருக்கும் நட்டமில்லாத ஓர் இடம் வேண்டியிருந்தது. வீடியோ பதிவுக் கருவி அப்போது புதுசு. தான் நடத்திய பாடத்தைத் தானே உட்கார்ந்து பார்க்கும் அதிர்ச்சியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆலனும் கெவின் ரயனும் எழுதிய புத்தகம் 1969-ல் வந்தது. அதற்குள் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியிருந்தது.

இந்தியாவில் 1967-ல் அலகாபாத்தில் டி.டி. திவாரி தொடங்கிவைத்தார். எழுபதுகளில் பரோடா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் உயர் ஆய்வு மையமும் என்.சி.இ.ஆர்.டி.யும் அதைக் கையில் எடுத்தன. பி.கே. பாஸி திறன்களைப் பட்டியலிட்டு எழுதிய புத்தகம் 1976-ல் வந்தது. அங்கே பெரிய திருத்தம் ஒன்று நடந்தது. நம் கல்லூரிகளில் வீடியோ கருவிக்கு எங்கே போவது? பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூட்டிவருவது எப்படி? தோழர்களே மாணவர்கள், தோழரே பார்வையாளர், கையில் ஒரு தாள் போதும் என்று முடிவானது. வறுமையில் பிறந்த திருத்தம்தான். ஆனால் நல்ல திருத்தம். கேமராவால் பதினொன்று என்று எண்ணிச் சொல்லிவிட்டுச் சிரிக்க முடியாது.

பள்ளிப் படிப்பில் எதெது எவ்வளவு பலன் தருகிறது என்று ஆயிரக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜான் ஹாட்டி, 2009-ல் வெளியிட்ட வரிசையில் மைக்ரோ டீச்சிங்கை நான்காம் இடத்தில் வைத்தார். சராசரி விளைவு 0.40 என்றால் இதற்கு 0.88. அவருடைய கணக்கு முறையோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஆனாலும், நாம் ரெக்கார்டு நோட்டுக்குள் மூடிவைத்த ஒன்றுக்கு இத்தனை மதிப்பா என்று அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குத் திக்கென்றது.

ரெக்கார்டு நோட்டு என்று ஏன் சொல்கிறேன்? எங்கள் கல்லூரியில் மறு கற்பித்தல் முதல் வாரம்தான் நடந்தது. ஆள் அதிகம், நாள் குறைவு, அப்போது பி.எட். ஒரே வருடம். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறு நிமிடம் நடத்துவோம், குறை சொல்வார்கள், உட்கார்ந்துவிடுவோம். மறு திட்டமிடல், மறு கற்பித்தல், மறு பின்னூட்டம் எல்லாம் இரவில் விடுதியில், சீனியர் நோட்டைப் பார்த்து, நீல மசியும் பச்சை மசியுமாக ரெக்கார்டில் அழகாக நடந்தன. முதல் முறை 2 மதிப்பெண், மறு முறை 5. நடக்காத பாடத்துக்கு நாங்களே போட்டுக்கொண்டது. 2015-லிருந்து பி.எட். இரண்டு வருடமாகிவிட்டது, பள்ளியில் 20 வாரம் பயிற்சி கட்டாயம். எங்கள் பள்ளிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களிடம் நான் தவறாமல் கேட்பேன்: “மறு கற்பித்தல் நிஜமா செஞ்சீங்களா?” பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

எங்கள் ஊர் மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தில் 81 அடி உயரத்தில் சிவன் நிற்கிறார். அவர் எதிரில் நக்கீரர். ஊர்ப் பெயரிலேயே கீரர் இருக்கிறார் என்பது எங்கள் பெருமை. தருமி கொண்டுவந்த பாட்டில் குற்றம் கண்டார், எழுதியது இறைவனே என்றபோதும் பின்வாங்கவில்லை, நெற்றிக்கண் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்று கதையை அதோடு முடித்துவிடுவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணம் அங்கே முடிக்கவில்லை. அடுத்த படலத்தில் சிவன் கீரரைக் கரையேற்றுகிறார். அதற்கடுத்தது, கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம். அகத்தியரை வரவழைத்துப் பாடம் சொல்ல வைக்கிறார். குற்றம் சொல்வதோடும் சுட்டெரிப்பதோடும் விஷயம் முடிவதில்லை. கரையேற்ற வேண்டும், மறுபடி கற்க இடம் தர வேண்டும்.

நாம் முதல் படலத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். மைக்ரோவில் மட்டுமா? இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர் வகுப்பில் பத்து நிமிடம் நிற்கிறார், பதிவேட்டில் குறை எழுதுகிறார், ஜீப் ஏறிப் போகிறார். திருத்தியதைப் பார்க்க யாரும் திரும்பி வருவதில்லை. முப்பது வருட சர்வீஸில் ஓர் ஆசிரியருக்கு “இதையே இன்னொரு தரம் நடத்துங்க, பார்ப்போம்” என்று ஒருவரும் சொல்வதில்லை.

என்னால் முடிந்தது சின்ன வழி ஒன்று. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு பிரிவு. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நடுவில் ஒரு பீரியட் இடைவெளி விட்டு இரண்டிலும் ஒரே பாடத்தைக் கொடுத்துவிடுவேன். போன மாதம் வந்த பெண் ஏ பிரிவில் கரும்பலகையைப் பார்த்தபடியே பின்னம் நடத்தி முடித்தாள். வெளியே வந்து, “எப்படி மேடம் இருந்துச்சு?” என்றாள்.

“நாற்பது நிமிஷமும் உன் முதுகைத்தான்மா பார்த்துச்சுங்க.”

முகம் சுருங்கிவிட்டது. மரத்தடியில் போய் உட்கார்ந்து நோட்டில் என்னவோ அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். மணி அடித்ததும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பி பிரிவுக்குப் போனாள். வாசலில் ஒரு நொடி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் எழுந்து அவள் பின்னால் போனேன். கடைசி பெஞ்சில் இடம் இருந்தது.

(அடுத்த வாரம்: பாடக்குறிப்பு யாருக்காக?)