முதிர்வயது ஒரு பிரயாணம்



சாரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் பல வீடுகளில் பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பிரான்சிலும். ஞாயிறு ஆராதனை முடிந்தால் போன் மணிக்காகக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஓர் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, இடுப்பெலும்பு முறிந்து நம் மருத்துவமனைக்கு வந்தார்கள். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆனால் தண்ணீர் குடிக்க மறுத்தார்கள். நான் கேட்டும் காரணம் சொல்லவில்லை. நர்ஸ்தான் புரிந்துகொண்டார்: தண்ணீர் குடித்தால் பெட் பேன் கேட்க வேண்டும். அந்தக் கூச்சம் தாகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

முதுமையின் கடினமான பகுதி முழங்கால் வலி அல்ல. பிறர் கையை எதிர்பார்ப்பதுதான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் பேதுருவுக்கு இதையே முன்னறிவித்தார். இளவயதில் தானே அரைக்கச்சை கட்டிக்கொண்டு விரும்பிய இடம் போனவனுக்கு, முதிர்வயதில் வேறொருவன் கட்டிவிடுவான் என்றார். அதைச் சொல்லி முடித்ததும், தம்மைப் பின்பற்றி வரும்படி அழைத்தார். ஆகவே பலம் குறையும் காலமும் சீஷத்துவத்தின் காலமே.

இந்தப் பிரயாணத்தில் நமக்கு முன்னே நடந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

டோனாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. அதன்பின் 1951-ல் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். ஓயாமல் ஓடிய கால்கள் நின்றுபோயின. ஆனால் அந்த அறையிலிருந்து பல புத்தகங்களும் எண்ணற்ற கடிதங்களும் புறப்பட்டன. இடம் சுருங்கினாலும் இருதயம் சுருங்கவில்லை.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1946-ல் ஓய்வுபெற்று, கொடைக்கானலில் வாழ்ந்து, 1960-ல் தமது 89-ஆம் வயதில் மரித்தார். தான் கட்டியதைப் பிறர் நடத்த விட்டுக்கொடுப்பது பெரிய ஆவிக்குரிய பயிற்சி. அது எத்தனை கடினம் என்று ஓய்வுபெற்ற எல்லாருக்கும் தெரியும்.

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஈவ்லின் பிராண்ட் அம்மையாரின் கணவர் 1929-ல் காய்ச்சலில் மரித்தார். ஏறக்குறைய எழுபது வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது, அவர் தாமாகவே மலைக்குத் திரும்பிப்போனார். விழுந்து எழுந்து, கோலூன்றி, கிராமம் கிராமமாகச் சென்றார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட அவர் வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். 1974-ல், 95 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஒருவர் படுக்கையில், ஒருவர் ஓய்வில், ஒருவர் மலைப்பாதையில். வழி ஒன்றல்ல. ஆனால் மூவரும் இழந்ததையே எண்ணிக்கொண்டிராமல், மீதியிருந்ததைக் கர்த்தரிடம் கொடுத்தார்கள்.

முதிர்வயதின் உள்ளான வேலை மூன்று என்று நான் வார்டில் கற்றிருக்கிறேன். நடந்து வந்த வழியை நன்றியோடு நினைப்பது முதலாவது. பழைய மனக்கசப்புகளை மன்னித்து இறக்கிவைப்பது இரண்டாவது. பிறர் செய்யும் உதவியை வெட்கமின்றிப் பெற்றுக்கொள்வது மூன்றாவது. கொடுத்தே பழகியவர்களுக்கு இந்த மூன்றாவது பாடம்தான் வருவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். திடீர்க் குழப்பம், நீங்காத துக்கம், தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவற்றை "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். விசுவாசக் குறைவு என்றும் எண்ணாதீர்கள். இவை வைத்தியத்தால் குணமாகக்கூடிய நோய்களாக இருக்கலாம். டாக்டரிடம் அழைத்து வாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்காக ஜெபிப்பதோடு, உங்களுக்காக ஜெபிக்கும்படி அவர்களிடம் கேளுங்கள். எண்பத்துநாலு வயது அன்னாளுக்கு ஆலயத்தில் ஓர் ஊழியம் இருந்தது. நம் வீட்டுப் பாட்டிக்கும் இருக்கிறது.

அந்த ஆசிரியை அம்மாவிடம் வாதம் செய்து பயனில்லை என்று நான் அறிந்தேன். போன மாதம் திருவிருந்தில் பாத்திரம் என் கையில் நடுங்கியதையும், ஒரு வாலிபன் தன் கையை என் கையின்கீழ் வைத்துத் தாங்கியதையும் சொன்னேன். "உங்களுக்கு வெட்கமாக இல்லையா, ஐயா?" என்று கேட்டார்கள். "இருந்தது அம்மா. ஆனால் பாத்திரம் சிந்தவில்லை" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை, அப்படித் தாங்கும் கைகளில் ஒன்று. கர்த்தர் உங்கள் முதிர்வயதையும் தாங்குவாராக.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைக் குருவானவர்,
சாரம், புதுச்சேரி