கணிப்பொறிச் செயலியின் வெப்பமும் அதனைத் தணிக்கும் முறையும்

நாகபுரி, ஜெய்சால்மர் போன்ற ஊர்களில் கோடைக் காலத்தில் நிழலிலும் வெப்பநிலை 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது சாதாரணம். அப்பருவத்தில் மேசைக் கணிப்பொறிகள் மந்தமாக இயங்குவதும், வேலையின் நடுவே தாமாகவே நின்றுபோவதும் உண்டு. யந்திரம் பழையதாகிவிட்டது என்று எழுதி அதனைக் கழித்துவிடுவதற்கு முன்னர், அதன் செயலி எவ்வாறு குளிர்விக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

செயலி பெறும் மின்சக்தி அநேகமாக முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. சாதாரணமாக வழங்கும் செயலி ஒன்று 65 வாட் அளவு வெப்பத்தை வெளியிடும். பழைய 60 வாட் பல்பும் ஏறக்குறைய இவ்வளவே வெளியிட்டது. எனினும் பல்பின் கண்ணாடிப் பரப்பு பெரிது, செயலியின் சிலிக்கன் சில்லோ கட்டைவிரல் நகத்தளவே. ஆகவே அதன்மேல் தகடுகள் நிறைந்த உலோகக் கட்டி ஒன்றும், அதன்மேல் விசிறி ஒன்றும் அமைக்கப்பெறுகின்றன. இக்கட்டியின் ஆங்கிலப் பெயரை நேரே பெயர்த்தால் 'வெப்பத் தொட்டி' என்றாகும். ஆனால் வெப்பம் அதில் தேங்குவதில்லை, பரவிக் கழிகிறது. ஆதலின் இங்கு 'வெப்பம் பரப்பி' என்று வழங்குவோம்.

இரு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும் சிற்சில இடங்களிலேயே ஒன்றையொன்று தொடுகின்றன. எஞ்சிய இடுக்குகளில் நிற்கும் காற்று, தாமிரத்தைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அவ்விடுக்குகளை நிரப்பவே செயலிக்கும் பரப்பிக்கும் இடையே பசை இடப்படுகிறது. துவரம்பருப்பளவு போதும்; உலோகத்துக்குப் பசை ஈடாகாதாகையால் மிகுதியாகப் பூசுவது தீங்கே.

ஆசிரியர்கள் இதனை ஓம் விதியோடு ஒப்பிட்டு விளக்கலாம். வெப்பநிலை வேறுபாடு மின்னழுத்தத்தையும், வெப்ப ஓட்டம் மின்னோட்டத்தையும், வெப்பத்தடை மின்தடையையும் ஒக்கும். தடை வாட்டுக்கு 0.5 டிகிரி எனக் கொண்டால், 65 வாட் செயலி சுற்றுக்காற்றைவிட 32.5 டிகிரி உயர்ந்து நிற்கும். காற்று 42 டிகிரியாயின் செயலி 74.5 டிகிரி. இதனால் கெடுதியில்லை, குளிர்சாதன வசதியின்றிக் கணிப்பொறி இயங்காது என்னும் எண்ணம் ஆதாரமற்றதென்பது இதனால் விளங்கும். ஆனால் தகடுகளிடையே தூசி அடைந்து தடை இரு மடங்கானால் கணக்கு 107 டிகிரி என்று வரும். அண்மைக்காலச் செயலிகள் பலவற்றின் வரம்பு 95 முதல் 100 டிகிரி வரையே. வரம்பை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; மந்தத்துக்குக் காரணம் இதுவே. அதன் பின்னும் வெப்பம் ஏறினால் தற்காப்பாக நின்றுவிடும்.

கணக்கில் கொண்ட காற்று பெட்டிக்குள் இருக்கும் காற்று என்பதை மறத்தலாகாது. மேசையின் அடியிலுள்ள மூடிய மர அறைக்குள் பெட்டியைத் திணித்து வைப்பதும், தூசிக்கு அஞ்சிப் போட்ட உறையை நீக்காமலே இயக்குவதும் பல இடங்களில் வழக்கமாயுள்ளன. வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே நுழைகிறது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தால் உடனே குணம் தெரியும். சில வாரங்களில் தூசியும் இரட்டிப்பாகும்.

துப்புரவு செய்கையில் மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியை வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டவேண்டும். காற்றூதியைப் பயன்படுத்தினால் விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும். கட்டின்றிச் சுழன்றால் அதன் தாங்கி கெடும். பரப்பியைக் கழற்றினால் மட்டும் பழைய பசையைத் துடைத்துப் புதிது இடவேண்டும். பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலை காட்டப்பெறும் யந்திரங்களில், துப்புரவுக்கு முன்னும் பின்னும் அதனை அறையின் வெப்பமானி அளவோடு சேர்த்துக் குறித்து வைக்கலாம்.