ஒரு வரிக்கு ஒரு பெயர்

நாம் இடும் கட்டளைகளைப் பெற்றுக் கணிப்பொறியைக் கொண்டு செய்விக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். அன்றாட வேலைகளைக் கட்டளைகளாக ஒரு கோப்பில் எழுதிவிட்டால், ஷெல் அவற்றை வரிசையாகச் செய்து முடிக்கும். எந்தெந்தக் கோப்புறைகளின் மேல் அவ்வேலை நடக்கவேண்டும் என்ற விவரத்தைத் தனியே ஓர் அமைப்புக் கோப்பில் குறித்து வைப்பர்.

பல பெயர்களை ஒரே தலைப்பின் கீழ் வரிசைப்படுத்தும் முறைக்கு 'அணி' என்று பெயர். 'பாஷ்' என்னும் ஷெல்லில் அணி உண்டு. ஆனால் 'போசிக்ஸ்' என்ற பொதுத்தரத்தில் அது இல்லை. உபுண்டுவில் 2006ஆம் ஆண்டு முதல் பொது ஷெல்லாக இருக்கும் 'டாஷ்' அணியை ஏற்காது. அப்படியானால் என்ன செய்வது? வழிகள் நான்கைக் காண்போம்.

முதல் வழி, பெயர்களை இடைவெளி விட்டு ஒரே மாறியில் எழுதுவது. எளிதுதான், ஆனால் ஆபத்தும் உண்டு. 'ஆண்டு விழா' என்ற கோப்புறையை ஷெல் 'ஆண்டு', 'விழா' என இரண்டாகப் பிரித்துவிடும். அழிக்கும் கட்டளையாக இருந்தால், 'விழா' என்ற வேறொரு கோப்புறை அழிந்துபோகும் அன்றோ!

இரண்டாவது, முக்காற்புள்ளியால் பிரிப்பது. கட்டளைகளைத் தேடும் இடங்களைக் கூறும் 'பாத்' என்ற மாறி இவ்வாறே அமைந்துள்ளது. பெயருக்குள் முக்காற்புள்ளி வந்தால் இது பயன்படாது.

மூன்றாவது, 'செட்' கட்டளைக்குப் பின் இரு சிறு கோடுகளிட்டுப் பெயர்களைத் தனித்தனி மேற்கோள் குறிகளுக்குள் தருவது. இடைவெளியால் தீங்கில்லை. ஆயினும் இத்தகைய பட்டியல் ஒரு நேரத்தில் ஒன்றே இருக்க முடியும். நிரலுக்கு முன்பே தந்த விவரங்களும் மறைந்துவிடும்.

நான்காவது, தனிக் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு பெயர் எழுதி, 'ரீட்' கட்டளையால் வரி வரியாகப் படிப்பது. இடைவெளியும் முக்காற்புள்ளியும் பெயரைச் சிதைப்பதில்லை. போசிக்ஸ் தரத்தைப் பின்பற்றும் எந்த ஷெல்லிலும் இது நடக்கும்.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. மற்ற மூன்று வழிகளிலும் அமைப்புக் கோப்பையே ஷெல் கட்டளையாக ஏற்று நடத்துகிறது. எவரேனும் அதில் தீய வரியொன்றைச் சேர்த்தால் அதுவும் நிறைவேறிவிடும். நான்காவது வழியிலோ எழுதியது வெறும் பெயராகவே படிக்கப்படும். ஆகவே பெயர்களைப் பெயர்களாகவே வைப்போம். கட்டளைகளை நிரலில் மட்டும் எழுதுவோம். நம் கோப்புகள் காக்கப்படும்.